டூம்: ஆறு கன்சோல், ஆறு விதமான வெட்டு

1993 டிசம்பர் 10 அன்று ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட டூம், அரக்கர்களைச் சுட்டுத்தள்ளி முன்னேறும், பிசிக்காகவே செதுக்கிய விளையாட்டு. 4 எம்பி நினைவகம் இல்லாவிட்டால் திறக்கவே திறக்காது. தடையில்லாமல் ஓட 486 கணினி வேண்டும். அப்போது வீடுகளில் டிவியோடு இணைத்து ஆடிய கன்சோல்களால் இதற்குப் பக்கத்தில்கூட வர முடியாது. ஆனாலும் 1994 நவம்பரில் தொடங்கி 1997-க்குள் ஆறு கன்சோல்களுக்கு அதைக் கொண்டுபோய்விட்டார்கள். ஆறிலும் ஏதோ ஒன்றை வெட்டியிருக்கிறார்கள். எதை வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள் என்று பார்த்தால் எது நல்ல போர்ட் (வேறு கருவிக்கு மாற்றி எழுதிய பதிப்பு) என்பது தெரிந்துவிடும்.

நான் எதை வைத்து எடைபோடுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டூமின் உயிர் அதன் ஓட்டத்தில் இருக்கிறது. ஓடிக்கொண்டே பக்கவாட்டில் நகர்வது, எதிரியைச் சுற்றி வட்டமடித்தபடியே சுடுவது, வரும் நெருப்புப் பந்துகளுக்கு நடுவே நுழைந்து வெளியே வருவது. படம் மங்கலாக இருக்கலாம், லெவல்கள் குறையலாம், ஒன்றிரண்டு அரக்கர்கள் காணாமல் போகலாம். கை சொல்வதை உடனே கேட்காத டூமை மட்டும் என்னால் டூம் என்று ஏற்க முடியாது.

முதலில் வந்தவை அட்டாரி ஜாகுவாரும் சேகா 32எக்ஸும். இரண்டுமே 1994 நவம்பர். ஜாகுவார் போர்ட்டில் பெரும்பகுதியை ஐடி சாஃப்ட்வேரின் தலைமை நிரலாளர் ஜான் கார்மக்கே எழுதினார். 2 எம்பிக்குள் அடங்குவதற்காக லெவல்களை எளிமையாக்கினார். சைபர்டீமன், ஸ்பைடர் மாஸ்டர்மைண்ட் என்ற இரண்டு பெரிய அரக்கர்களையும் எடுத்துவிட்டார். ஒலிக்கான டிஎஸ்பி சிப்பை விளையாட்டின் கணக்குகளுக்குப் பயன்படுத்திக்கொண்டதால் ஆடும்போது இசையே கிடையாது. ஆனால் ஓட்டம் இருக்கிறது. ஜாகுவார் கட்டுப்பாட்டுக் கருவியில் எண் பலகை இருப்பதால், வேண்டிய துப்பாக்கியை ஒரே அழுத்தில் எடுக்கலாம். வேறெந்தக் கன்சோலிலும் அந்த வசதி கிடைக்கவில்லை. இசையைக் கொடுத்து வேகத்தை வாங்கினார் கார்மக். நல்ல பேரம் என்றே நினைக்கிறேன்.

32எக்ஸின் கதை வேறு. கருவி கடைக்கு வரும் நாளிலேயே டூமும் வர வேண்டும் என்ற அவசரம். 17 லெவல்கள், சட்டம் போட்டது போல ஓரங்கள் அடைபட்ட திரை, எப்போதும் நம்மைப் பார்த்தே நிற்கும் அரக்கர்கள், கேட்கவே சங்கடமான இசை. பிஎஃப்ஜி துப்பாக்கி கிடையாது, மூன்றாம் பாகமும் கிடையாது.

இனி 1995-இல் வந்த சூப்பர் நின்டெண்டோ. ஆறிலும் இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். அந்தக் கன்சோலின் பிராசஸர் அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் 128 கேபி. ராண்டி லிண்டன் என்ற நிரலாளர், டூமின் மூல நிரல் கையில் இல்லாமலே, தன் சொந்த முயற்சியாக ஒரு எஞ்சினை (விளையாட்டை இயக்கும் அடிப்படை நிரலை) முழுதாக எழுதினார். அதற்கு ரியாலிட்டி என்று பெயர் வைத்தார். விளையாட்டு அடங்கிய கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே இருக்கும் சூப்பர் எஃப்எக்ஸ் 2 சிப்தான் படம் வரையும் வேலையைச் செய்தது. மாதிரி ஓடத் தொடங்கிய பிறகுதான் தன் நிறுவனத்தாரிடமே காட்டினார்.

என்ன வெட்டினார்? தரைக்கும் கூரைக்கும் டெக்ஸ்சர் (பரப்பின் மேல் ஒட்டும் படம்) கிடையாது, வெறும் நிறம்தான். திரை சிறியது. ஃபிரேம்கள், அதாவது திரையில் அடுத்தடுத்து மாறும் படங்கள், வினாடிக்குப் பத்தை ஒட்டித் தடுமாறும். அரக்கர்கள் இங்கேயும் நம்மைப் பார்த்தபடியேதான் நிற்பார்கள். சேமிக்கும் வசதியும் இல்லை, பாஸ்வேர்டும் இல்லை. ஆனால் எதை விடவில்லை என்று பாருங்கள். மற்றவர்கள் ஜாகுவாரின் எளிமையாக்கிய லெவல்களை எடுத்துக்கொண்டபோது, லிண்டன் பிசி லெவல்களின் வடிவத்தை அப்படியே வைத்தார். மொத்தம் 22 லெவல்கள். சைபர்டீமனும் ஸ்பைடர் மாஸ்டர்மைண்டும் இருக்கிறார்கள். இசையும் கணீரென்று இருக்கிறது. 2 எம்பி கார்ட்ரிட்ஜுக்குள் இத்தனையும்! நிரல் எழுதுபவர்கள் யாராக இருந்தாலும் இதற்குத் தலைவணங்க வேண்டும்.

ஆனால் என் அளவுகோலில் இது அடிவாங்கும் இடம் ஒன்று உண்டு. திரும்பிக்கொண்டே பக்கவாட்டில் நகர முடியாது. அதாவது எதிரியை வட்டமடித்துச் சுட முடியாது. குறைந்த ஃபிரேமில் அது எவ்வளவு வலிக்கும் என்று ஆடியவர்களுக்குத் தெரியும். லிண்டனுக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். 2024-இல் அறிவித்த புதிய கார்ட்ரிட்ஜ் பதிப்பில் அவர் சேர்த்தவற்றுள் இந்த வட்டமடிப்பும் ஒன்று.

3டிஓ பதிப்பு 1996-இல் வந்தது. கருவியைப் பார்த்தால் சூப்பர் நின்டெண்டோவைவிடப் பல மடங்கு பலம் உள்ளது. முடிவோ நேர் எதிர். உரிமத்தை வாங்கியது ஆர்ட் டேட்டா இன்டராக்டிவ் என்ற சிறு நிறுவனம். புதிய ஆயுதங்கள், நடிகர்களை வைத்து எடுத்த காட்சிகள் என்று அவர்கள் பெரிதாகத் திட்டமிட்டார்கள். ஆனால் எஞ்சின் வேலை நடக்கவே இல்லை. கடைசியில் ரெபெக்கா ஹைன்மனிடம் பத்து வாரம் கொடுத்தார்கள். அவர் ஜாகுவார் நிரலை எடுத்து, சுவர்களை 3டிஓவின் வன்பொருளைக் கொண்டு வரையவைத்தார். தரையை அப்படி மாற்ற அவகாசம் இல்லை. இசைக்கான நிரல் எழுதவும் நேரம் போதவில்லை. அதனால் நிறுவனத் தலைவரின் ராக் குழுவே பாடல்களை நிஜக் கிட்டார், டிரம்ஸோடு வாசித்துப் பதிவு செய்தது. விளைவாக, திரை தபால்தலை அளவுக்குச் சுருங்கினால்தான் ஓரளவு ஓடுகிறது. இசையோ ஆறு பதிப்புகளிலும் ஆகச் சிறந்தது. இந்தக் குறைகளுக்கு ஹைன்மனைக் குறை சொல்வது அநியாயம். பத்து வாரத்தில் அது ஓடியதே பெரிய விஷயம்.

சரி, உண்மையான போட்டிக்கு வருவோம்: 1995 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் பதிப்பும் 1997-இல் வந்த சேகா சாட்டர்ன் பதிப்பும். லெவல்கள் ஏறக்குறைய ஒன்றே, காலமும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்று அருமை, மற்றொன்று வேதனை.

காரணம் புரிய வேண்டுமானால் டூம் எப்படி வரைகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். டூமில் சாய்ந்த சுவர் கிடையாது. சுவரைச் செங்குத்தான மெல்லிய கீற்றுகளாக வெட்டினால், ஒரு கீற்றின் மேலிருந்து கீழ்வரை எல்லாப் புள்ளிகளும் ஒரே ஆழத்தில் இருக்கும். தரையைக் கிடைக்கீற்றுகளாக வெட்டினால் அங்கும் அப்படியே. பிளேஸ்டேஷன், சாட்டர்ன் இரண்டின் 3டி வன்பொருளுக்கும் ஒரே பலவீனம்: ஆழம் மாறும் பரப்பில் டெக்ஸ்சரை ஒட்டினால் அது நெளியும். பக்கத்தில் போகப் போகச் சுவர் அலையடிப்பதை அந்தக் காலத்து 3டி விளையாட்டுகளில் பார்த்திருப்பீர்கள். பிளேஸ்டேஷன் பதிப்பில் இதற்கு அழகான வழி கண்டார்கள். சுவரையும் தரையையும் ஒரு பிக்சல் அகலமுள்ள கீற்றுகளாக்கி, ஒவ்வொன்றையும் கிராபிக்ஸ் சிப்பிடமே கொடுத்தார்கள். ஒரு கீற்றுக்குள் ஆழம் மாறாததால் நெளிவு இல்லை. வரைவது வன்பொருள் என்பதால் வேகமும் குறையவில்லை.

சாட்டர்னுக்கு எழுதியவர் ரேஜ் சாஃப்ட்வேரின் ஜிம் பாக்லி. அவர் 3டி வன்பொருளைக் கொண்டு ஒரு மாதிரி செய்து காட்டினார். டெக்ஸ்சர் நெளிவு கார்மக்குக்குப் பிடிக்கவில்லை. வன்பொருளைத் தொடக் கூடாது, பிசியில் போலப் பிராசஸரே வரையட்டும் என்று சொல்லிவிட்டார். பாக்லி இரண்டு எஸ்எச்-2 பிராசஸர்களையும் படம் வரையும் வேலைக்கு இறக்கிப் பார்த்தார். போதவில்லை. நாலைந்து அரக்கர்கள் சேர்ந்து வந்தாலே திரை திணறுகிறது. பிளேஸ்டேஷனில் இருந்த வண்ண ஒளியும் இங்கே இல்லை. பின்னாளில் கார்மக்கே, பாக்லியைச் சோதித்துப் பார்க்க விட்டிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். எனக்கு இதுதான் ஆறிலும் பெரிய வருத்தம். சூப்பர் நின்டெண்டோவில் வெட்டியது வன்பொருள், 3டிஓவில் வெட்டியது காலக்கெடு. சாட்டர்னில் மட்டும் ஒரு கட்டளை வெட்டியது. படத்தின் ஒழுங்கைக் காக்கப் போய் ஓட்டத்தைக் கொன்றார்கள்.

பிளேஸ்டேஷன் பதிப்பிலும் வெட்டு இல்லாமல் இல்லை. ஆர்ச்-வைல் அரக்கனின் படங்கள் நினைவகத்தில் அடங்காததால் அவன் வரவில்லை. ஆனால் 59 லெவல்கள், பாஸ்வேர்ட், இரண்டு கன்சோல்களை இணைத்து ஆடும் வசதி எல்லாம் உண்டு. அப்புறம் ஒரு துணிச்சலான மாற்றம்: பாபி பிரின்ஸின் அதிரடி இசையை முழுக்க எடுத்துவிட்டு, ஆப்ரி ஹாட்ஜஸின் முனகலும் இரைச்சலுமான ஒலிகளை வைத்தார்கள். அறைகளில் சிவப்பும் பச்சையுமாக வண்ண ஒளியைப் பாய்ச்சினார்கள். ஆட்டம் அதேதான், பயம் மட்டும் புதிது. பழைய இசைதான் வேண்டும் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனாலும் ஆறில் முதலிடம் இதற்குத்தான், இரண்டாமிடம் ஜாகுவாருக்கு. சூப்பர் நின்டெண்டோ என் மனதில் இதைவிட உயரத்தில் இருந்தாலும், வட்டமடிக்க முடியாததால் ஆட்டத்தில் மூன்றாமிடம்தான்.

கடைசியில் இருக்கும் 32எக்ஸ், 3டிஓ இரண்டையும் இன்று ஆட விரும்பினால் அசல் பதிப்பை எடுக்காதீர்கள். ஜாகுவார் நிரலை அடிப்படையாக வைத்து ஆர்வலர்கள் 32எக்ஸுக்காக எழுதிய டூம் 32எக்ஸ் ரெசரக்‌ஷனில், முழுத்திரை, விட்டுப்போன லெவல்கள், கேட்கத்தக்க இசை எல்லாம் அதே பழைய கருவியில் ஓடுகின்றன. ஹைன்மன் 2014-இல் பொதுவில் வெளியிட்ட நிரலிலிருந்து கிளைத்த ஆப்டிடூம், 3டிஓ பதிப்பின் வேகத்தைக் கூட்டியிருக்கிறது. அந்த ராக் இசையும் கூடவே வரும்.