மண்ணடிச் சுங்க முகவரும் ஒன்பது பிரெஞ்சுச் சிற்பங்களும்

சென்ற ஆண்டு ராயபுரத்தில் நாங்கள் மூன்று வாரம் நடத்திய சிறிய கண்காட்சிக்காகப் பிரான்சிலிருந்து ஒன்பது வெண்கலச் சிற்பங்களைக் கப்பலில் இரவலாகத் தருவித்தோம். அவற்றைத் துறைமுகத்திலிருந்து எடுத்துத் தந்து, கண்காட்சி முடிந்ததும் திருப்பி அனுப்பும் பொறுப்பை மண்ணடியில் ஒரு மாடி அறையில் இயங்கும் சுங்க முகவரிடம் ஒப்படைத்தோம். குறையும் எழுதவிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

விற்பனைக்கு அல்லாமல், காட்டிவிட்டுத் திருப்பியனுப்பக் கொண்டுவரும் பொருளுக்கு இறக்குமதி வரி கட்டாமலிருக்க ஏ.டி.ஏ. கார்னெட் என்ற ஆவணம் உண்டு. 1961ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையில் பிறந்தது. அனுப்பும் நாட்டின் வர்த்தக சபை அதை வழங்கும். இந்தியாவில் அதற்குப் பிணை நிற்பது ஃபிக்கி என்ற இந்திய வர்த்தக, தொழில் சபைகளின் கூட்டமைப்பு. பச்சை அட்டைக்குள் பல நிறத் தாள்கள் இருக்கும். அவற்றில் நம் சுங்கத்துறைக்கு உரியவை வெள்ளைத் தாள்கள், வரவுக்கு ஒன்றும் போக்குக்கு ஒன்றும்.

முகவரின் திறமை கப்பல் கிளம்பும் முன்பே தெரிந்தது. பொருட்பட்டியலையும் புகைப்படங்களையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தவர், ஐந்தாம் சிற்பத்தின் பீடம் தனியே கழன்று வருவதையும் அது பட்டியலில் இல்லாததையும் கண்டுபிடித்தார். கார்னெட் வழங்கப்பட்ட பிறகு பட்டியலில் ஒரு பொருளையும் சேர்க்க முடியாது என்பதால், அன்றிரவே பாரிசுக்கு எழுதித் திருத்த வைத்தார். மரப்பெட்டிகளில், பூச்சி ஒழிக்கப்பட்ட மரம் என்பதற்கான கோதுமைக் கதிர் முத்திரையும், மரத்தின் உட்பகுதி 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் இருந்ததைக் குறிக்கும் ‘எச்.டி.’ எழுத்துகளும் உள்ளனவா என்று பலகை பலகையாகப் படம் கேட்டார். எங்களுக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

யாராவது வழக்குப் போட்டாலும் சிற்பங்கள் முடக்கப்படாது என்று அரசின் கடிதம் கிடைக்குமா என இரவல் தந்தவர்கள் கேட்டபோது, கார்னெட் வரிக்கு மட்டுமே காப்பு, வழக்குக்கு அல்ல என்று ஒளிக்காமல் சொன்னார். அவர்களின் அச்சம் வீண் அல்ல. அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி, கண்காட்சிக்கு வரும் வெளிநாட்டுக் கலைப்பொருளுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்தால் அரசு இந்தப் பாதுகாப்பைத் தரும். அதைப் பெறாமல் நியூயார்க்குக்குப் போன, ஆஸ்திரிய ஓவியர் எகோன் ஷீலேயின் ‘வாலி’ ஓவியம் 1998இல் வழக்கில் சிக்கி, 2010இல்தான் 1.9 கோடி டாலர் சமரசத்தில் விடுபட்டது.

இவ்வளவு கவனமாக இருந்தவர் திருப்பி அனுப்பும் வேளையில் காரியத்தை ஓர் இளம் உதவியாளரிடம் விட்டுவிட்டார். பெட்டிகள் துறைமுக வாயில்வரை போய்விட்டன, போக்குக்குரிய வெள்ளைத் தாளிலோ முத்திரை இல்லை. முத்திரை இல்லையென்றால் பொருள் இங்கேயே தங்கிவிட்டதாகக் கணக்காகி, வரிக்கோரிக்கை பிணைதாரர் மேல் பாயும். நாங்கள் கேட்டதால் தப்பியது. பில்லில் ‘இதர செலவு’ என்றொரு வரி ரசீதில்லாமல் இருந்ததும் உறுத்தல். கேட்ட பிறகு பாதியைக் குறைத்தார், மீதிக்கு விளக்கம் வரவில்லை.

அடுத்த கண்காட்சிக்கும் அவரிடமே போவோம். ஆனால் செலவுப் பட்டியலை முன்னதாகவே எழுதி வாங்கிக்கொள்வோம். போக்குத் தாளில் முத்திரை விழும் நாளில் எங்களில் ஒருவர் ராஜாஜி சாலைச் சுங்க மாளிகையில் அவர் பக்கத்தில் நிற்போம்.