பனி ரேலி ஸ்லாட் கார் டிராக் "ஆர்டருக்கு செஞ்சு தர்றோம்"னு சொல்றவங்ககிட்ட உஷார் மக்களே

இங்கிலாந்துல இருந்துக்கிட்டு ஸ்லாட் கார் (டிராக் பள்ளத்துல கரண்ட்ல ஓடுற பொம்மை கார்) ஓட்டுற நம்மாளுங்க கொஞ்ச பேர் இருக்கீங்கன்னு தெரியும், பையனுக்குன்னு ஸ்கேலெக்ஸ்ட்ரிக் பிராண்டு ஸ்லாட் கார் செட் வாங்கிட்டு ராத்திரி அவன் தூங்குனதும் அப்பா உக்காந்து ஓட்டுற கேஸ். உங்களுக்குத்தான் இந்தப் பதிவு. எம்டிஎஃப் பலகையில பனி ரேலி டிராக் செஞ்சு விக்கிற ஒருத்தர்கிட்ட 420 பவுண்ட் குடுத்தேன், வந்தது குப்பை. பேரு போடல, ஏன்னா பிரச்சனை இன்னும் முழுசா முடியல.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். டிராக்ல ஒரு பள்ளம், ரெண்டு பக்கமும் உலோகப் பட்டை, காருக்கு அடியில இருக்க செம்புப் பின்னல் அதுல உரசி கரண்ட் எடுக்கும், கையில இருக்க ட்ரிக்கரை அமுக்குற அளவுக்கு வேகம். ரேலின்னா பக்கத்துல பக்கத்துல ரேஸ் கிடையாது, ஒரு நேரத்துல ஒரே கார், பாதையைப் பல ஸ்டேஜா, அதாவது துண்டு துண்டா பிரிச்சு, ஸ்டாப்வாட்ச் வெச்சு ஒவ்வொரு ஸ்டேஜ் டைமையும் கூட்டணும். ஸ்பெயின்ல இதுக்குன்னே பெரிய கூட்டம் இருக்கு. பனி ஸ்டேஜ்ல கார் வால் ஆட்டிக்கிட்டே போறதுதான் சுகம், மைதா, டால்கம் பவுடர்னு தூவி ஓட்டுறவங்களும் உண்டு, சொரசொரன்னு வெள்ளை பெயின்ட் அடிச்சு ஓட்டுறவங்களும் உண்டு. என்கிட்ட 1964ல பேடி ஹாப்கர்க்ங்கிற டிரைவர் மான்டி கார்லோ ரேலி ஜெயிச்ச அந்த சிவப்பு மினி கூப்பர் மாடல் இருக்கு, அதை ஒரு தடவையாவது பனியில ஓட்டணும்னு ரொம்ப நாள் ஆசை.

விளம்பரத்துல அந்த மான்டி கார்லோ ரேலி போற பிரான்ஸ் மலைப்பாதை டூரினி கணவாய் மாதிரியே கொண்டை ஊசி வளைவு, ஓரத்துல பனி மேடு, போட்டோ பாத்தா சொக்கிடுவீங்க. (நிஜ டூரினில ரோடு காஞ்சு இருந்தா வேடிக்கை பாக்க வந்தவங்களே பனிய அள்ளி ரோட்டுல கொட்டுவாங்க, அது தனி கூத்து.) நான் மெசேஜ்ல தெளிவா கேட்டேன்: என் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் ஸ்போர்ட் டிராக்கோட நேரா இணையுமா, காருக்கு அடியில இருக்க காந்தம் வேலை செய்யுமா, கூட வர்ற பனிப் பவுடரால எதுவும் கெடுமா. இணையும், காந்தம் நல்லா பிடிக்கும், பவுடர் முழுக்க சேஃப்னு எழுத்துலயே பதில் வந்துச்சு. பேங்க் டிரான்ஸ்ஃபர் பண்ணா 10 சதவீதம் தள்ளுபடின்னாரு, நான் கிரெடிட் கார்டுதான்னு சொல்லிட்டேன்.

பார்சல் பிரிச்சதுமே பலகை வளைஞ்சிருந்துச்சு. ரெண்டு பலகைய சேத்து வெச்சா நடுவுல படி மாதிரி நிக்குது, கார் அங்க போய் முட்டி பல்டி. பள்ளம் ஆழமே இல்ல, காரோட கைடு (பள்ளத்துக்குள்ள இறங்குற நாக்கு) அடியில தட்டி முன் சக்கரம் அந்தரத்துல நிக்குது. பட்டைக்கு ஒட்டியிருந்தது தோட்டத்துல நத்தை வராம ஒட்டுற செம்பு டேப், அதுவும் துண்டு துண்டா, ஒண்ணு மேல ஒண்ணு. அந்த டேப்போட பசை பல நேரம் கரண்ட் கடத்தாது, அதனால ஒவ்வொரு ஜாயின்ட்டையும் சால்டர் பண்ணனும், இவரு ஒண்ணு கூட பண்ணல. பாதி தூரத்துல கார் செத்துடும். இதுல காந்தம் பிடிக்கும்னு வேற வாக்கு! ஸ்கேலெக்ஸ்ட்ரிக்ல பட்டை இரும்பு வகை, அதனால காந்தம் பிடிக்கும், செம்புல எங்கேருந்து பிடிக்கும், ஸ்கூல் பாடம் இது. உண்மையில பனி ஓட்டத்துக்கு காந்தம் இல்லாம இருக்கறதுதான் நல்லது, ஆனா அதை நேர்மையா சொல்லியிருக்கணும்ல.

இதையெல்லாம் கூட நானே சரி பண்ணியிருப்பேன், வயித்தெரிச்சல் அந்தப் பவுடர்தான். கராஜ்ல விரிச்சு, ஓடுற பாதி டிராக்ல தூவி ஓட்டிட்டு அப்படியே விட்டுட்டு வந்தோம், இங்க குளிர்காலத்துல கராஜ் எப்படி ஈரம் கோக்கும்னு தெரியும்ல, அடுத்த வாரம் போய் பாத்தா செம்பு டேப் பூரா பச்சை பூத்து கிடக்கு, பக்கத்துல சேத்து வெச்சிருந்த என் சொந்த டிராக்கோட பட்டையில துரு. சந்தேகம் வந்து ஒரு ஸ்பூன் பவுடரை தண்ணில போட்டேன், பெரும்பகுதி கரைஞ்சு போச்சு. அந்தத் தண்ணிய தட்டுல காய விட்டு லென்ஸ் வெச்சு பாத்தா சதுரம் சதுரமா கல்லு. உப்புங்க! பொடி உப்புல ஏதோ மினுமினுப்ப கலந்து வித்திருக்காரு. மினியோட மோட்டார் டப்பாவுக்குள்ள ஓட்டை வழியா போயிருக்கு, ஆக்சில் எண்ணெயோட சேந்து பசையாகி கியர் கரகரங்குது.

ரீஃபண்ட் கேட்டா "இது உங்களுக்குன்னே செஞ்சது, திருப்பி எடுக்க முடியாது"ன்னு ஒரே பாட்டு. இங்கதான் நிறைய பேர் விட்டுட்டு போயிடுறாங்க. ஆன்லைன்ல வாங்குனா 14 நாளுக்குள்ள மனசு மாறி கேன்சல் பண்ற உரிமை ஆர்டருக்கு செஞ்ச பொருளுக்கு கிடையாது, அது வரைக்கும் அவரு சொல்றது சரி. ஆனா பொருள் ஓட்டையா இருந்தா, சொன்ன மாதிரி இல்லன்னா, அது வேற கணக்கு. 2015 கன்ஸ்யூமர் ரைட்ஸ் சட்டப்படி 30 நாளுக்குள்ள வேண்டாம்னு திருப்பிக் குடுத்து முழு காசு கேக்கலாம், ஆர்டருக்கு செஞ்சதுன்னாலும் அதே உரிமைதான். விக்கிறவர் வியாபாரமா பண்றவரா இருக்கணும், எனக்கு வந்த பில்லுல கடை பேரு இருந்துச்சு.

அதை எழுதி அனுப்புனதும் பதிலே நின்னு போச்சு. கார்டு கம்பெனிகிட்ட 1974 கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டம் செக்ஷன் 75ன்னு போட்டு கிளெய்ம் பண்ணேன், பொருள் விலை 100 பவுண்டுக்கு மேல 30,000 வரைக்கும் இருந்தா கார்டு கம்பெனியும் பொறுப்பு. பேபால் மாதிரி நடுவுல ஒரு ஆள் வந்தா இந்த உரிமை அறுந்து போக வாய்ப்பு இருக்கு, கார்டை நேரா கடையில போடுங்க. காந்தம் பிடிக்கும்னு அவரே எழுதுன மெசேஜ், பச்சை பூத்த போட்டோ, ரெண்டையும் வெச்சேன். 420 திரும்ப வந்துடுச்சு. மினிக்கும் கெட்டுப்போன டிராக்குக்கும் கேட்ட காசு இன்னும் இழுத்துக்கிட்டு இருக்கு.

இப்ப அதே கொண்டை ஊசி போட்டோ வேற கடை பேருல சுத்துது. பலகை வாங்குற ஐடியா இருந்தா பட்டை எதுல செஞ்சது, ஜாயின்ட் சால்டர் பண்ணதா, பள்ளம் எத்தனை மில்லிமீட்டர், பவுடர்ல என்ன இருக்குன்னு மெசேஜ்லயே கேளுங்க. "போன்ல சொல்றேன்"னு பதில் வந்தா பெரும்பாலும் அது இவராத்தான் இருக்கும், என் மெசேஜை கார்டு கம்பெனி படிச்சதுலேருந்து எழுத்துல எதுவும் குடுக்க மாட்டாரு.