பைத்தானோடு நெடுங்காலம்: தன்னார்வலர்கள் பேணும் மொழியை நம்பி வேலை செய்த அனுபவம்

பைத்தான் என்ற கணினி நிரல்மொழியை அதன் 2.6ஆம் பதிப்பின் காலத்திலிருந்து தமிழ் உரைகளைக் கையாளும் வேலைக்குப் பயன்படுத்தி வருகிறேன். நூற்பட்டியல்களைச் சீர்செய்வது, பழைய எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புகளை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றுவது, சொல்லடைவு தயாரிப்பது ஆகியவையே என் நிரல்களின் பணி. கற்பதற்கு எளிது, நிரலகங்கள் (பிறர் எழுதிவைத்த, எடுத்தாளத்தக்க நிரல் தொகுப்புகள்) ஏராளம் என்று இம்மொழியைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். பெரும்பாலும் தன்னார்வலர்களின் சொந்த நேரத்தில் வளரும் ஒரு மொழி, தன்னை நம்பி எழுதப்பட்ட பழைய நிரல்களை எப்படி நடத்துகிறது என்பதையே நீண்டநாள் பயனர் என்ற முறையில் இங்கே பகிர விரும்புகிறேன்.

பைத்தான் 2இல் சாதாரணச் சரம், அதாவது நிரலில் உரையை ஏந்தும் தரவு, என்பது பைட்டுகளின் (கணினி தரவைச் சேமிக்கும் சிறு அலகுகளின்) வரிசைதான். யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையிலான கோப்பில் உள்ள ‘அம்மா’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 15 என்று விடை வரும். பைட்டுச் சரமும் யூனிகோட் சரமும் எங்கேனும் கலந்துவிட்டால், ஆங்கில எழுத்துகளை மட்டும் அறிந்த ஆஸ்கி முறையில் படிக்க இயலவில்லை என்ற பிழையோடு நிரல் நின்றுவிடும். மாதக்கணக்கில் ஆங்கிலத் தரவோடு ஒழுங்காக ஓடிய நிரல், முதல் தமிழ்ப் பெயர் வந்த அன்று விழும். 2008 டிசம்பரில் வெளியான 3.0 இதை அடியோடு மாற்றியது. சரம் என்றாலே யூனிகோட் என்றானது. அதே சொல்லின் நீளம் 5 (அ, ம, புள்ளி, ம, துணைக்கால்) ஆனது. அ, ம், மா என்று நம் இலக்கணப்படி மூன்றாக எண்ணுவதற்கு ஓப்பன்-தமிழ் போன்ற நிரலகம் இன்னும் தேவைதான் என்றாலும், அதற்கான உறுதியான அடித்தளம் மொழிக்குள்ளேயே வந்துவிட்டது.

அந்த மாற்றத்துக்கு உலகம் கொடுத்த விலை பெரிது. பழைய நிரல்கள் புதிய பதிப்பில் அப்படியே ஓடவில்லை. நிரலகங்கள் ஒன்றுக்காக ஒன்று காத்திருந்தன. பைத்தான் 2இன் கடைசிப் பதிப்பான 2.7க்கு 2015இல் முடிவதாக இருந்த ஆதரவை 2020 ஜனவரி வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகள் முழுவதும் அதே தன்னார்வலர்கள் இரண்டு கிளைகளையும் பேணினார்கள். தமிழில் வேலை செய்கிறவன் என்ற முறையில் அந்த மாற்றம் சரியானது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. எல்லாவற்றையும் ஒரே தாவலில் மாற்றியதுதான் கடினமாகப் போயிற்று. அதற்குப் பிந்தைய பதிப்புகளில் நான் காணும் நிதானம் அந்த அனுபவம் தந்தது என்றே கருதுகிறேன்.

நிர்வாக முறையும் மாறியது. 1991இல் முதற்பதிப்பை வெளியிட்ட கைடோ வான் ரோசம், நெடுங்காலம் இறுதி முடிவைத் தம் கையிலேயே வைத்திருந்தார். ஒரு கோவைக்குள்ளேயே (மதிப்பைக் கணக்கிடும் நிரல் தொடருக்குள்ளேயே) மாறிக்கு மதிப்பளிக்கும் புதிய குறியீடு ஒன்றைப் பற்றிய 572ஆம் முன்மொழிவு கடும் விவாதத்தைக் கிளப்பியது. அதை ஏற்றுக்கொண்ட கையோடு, 2018 ஜூலையில் அவர் அப்பொறுப்பிலிருந்து விலகினார். தமக்குப் பின் யார் என்றும் அவர் சொல்லவில்லை. முதன்மை நிரலாளர்கள் ஏழு ஆட்சிமுறைகளை எழுதி முன்வைத்து, வாக்களித்து, ஐவர் கொண்ட வழிகாட்டுக் குழு என்ற முறையைத் தேர்ந்தார்கள். ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அக்குழுவில் இருவருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. தோற்றுவித்தவர் விலகிய பின்னும் 3.8 ஒழுங்காக வெளிவந்தது. ஒரு கருவியை நம்பிப் பல ஆண்டு வேலையை அடுக்கி வைத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய உறுதிமொழி தேவையில்லை.

3.9 முதல் ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டுகள் ஆதரவு உண்டு. பெரிய மாற்றம் எதுவானாலும் முதலில் ‘பெப்’ எனப்படும் முன்மொழிவாக எழுதப்பட வேண்டும். ஏன் தேவை, பழைய நிரல்களுக்கு என்ன ஆகும், எந்த மாற்றுவழிகள் எதற்காகத் தள்ளப்பட்டன என்பவை எல்லாம் அதில் இருக்கும். ஒரு வசதி ஏன் இப்படி அமைந்தது என்று குழம்பும்போதெல்லாம் நான் முதலில் திறப்பது, தள்ளப்பட்ட யோசனைகளைச் சொல்லும் பகுதியைத்தான்.

நீக்கங்களில்தான் பராமரிப்பவர்களின் குணம் தெரியும். கலெக்‌ஷன்ஸ் என்ற உள்ளமைந்த நிரல் தொகுதியில் இருந்த சில வகுப்புகள் (தரவு வகைகளின் வரையறைகள்) 3.3இலேயே வேறிடத்துக்குப் போய்விட்டன. பழைய பெயர்களும் வேலை செய்துகொண்டிருந்தன. 3.9இல் அவற்றை எடுத்துவிடத் திட்டமிட்டார்கள்; ஆனால் பைத்தான் 2ஐ அப்போதுதான் கைவிட்டிருந்த நிரலகங்களுக்கு அவகாசம் வேண்டும் என்று இன்னொரு பதிப்பு பொறுத்து, 3.10இல்தான் எடுத்தார்கள். பழைய இணைய முறைகளுக்கான சிஜிஐ, டெல்நெட் உள்ளிட்ட 19 பழைய தொகுதிகளும் அப்படியே, 3.11 முதல் எச்சரிக்கை தந்து, 3.13இல் நீக்கப்பட்டன.

இந்த நிதானத்தின் சிறந்த சான்று, கோப்புகளின் இயல்புக் குறியாக்கம், அதாவது வேறு எதுவும் சொல்லாதபோது எழுத்துகளைப் பைட்டுகளாகப் படிக்கவும் எழுதவும் கையாளும் முறை. விண்டோஸில் குறியாக்கத்தைக் குறிப்பிடாமல் ஒரு தமிழ்க் கோப்பைத் திறந்தால், பைத்தான் அதைக் கணினியின் வட்டார (மொழி, நாடு) அமைப்பின்படி படிக்க முயலும். பிழை வரும், அல்லது பிழையே வராமல் எழுத்துகள் சிதையும், இரண்டாவதுதான் ஆபத்து. இதை ஒரே நாளில் மாற்றினால் பழைய கோப்புகளைப் படிக்கும் எண்ணற்ற நிரல்கள் உடையும். எனவே 3.7இல் விரும்புவோர் மட்டும் இயக்கிக்கொள்ளும் யூடிஎஃப்-8 முறை வந்தது, 3.10இல், குறியாக்கம் விடுபட்ட இடங்களைச் சுட்டிக்காட்டும் எச்சரிக்கை வந்தது, 3.15இல் யூடிஎஃப்-8ஐயே இயல்பாக்குவது என்று 686ஆம் பெப் முடிவு செய்திருக்கிறது. பிந்தைய இரண்டையும் முன்னெடுத்தவர் ஜப்பானிய நிரலாளர் இனாடா நவோக்கி. ஆங்கிலமல்லாத எழுத்துகளோடு அன்றாடம் புழங்குபவர்கள் முதன்மைக் குழுவில் இருப்பதன் பயன் இதுதான்.

யூனிகோட் தரவுத்தளத்தையும் ஏறக்குறைய ஒவ்வொரு பதிப்பிலும் புதுப்பிக்கிறார்கள். ‘௧௨’ என்ற தமிழ் எண்களை முழுஎண்ணாக மாற்றச் சொன்னால் 12 கிடைக்கும். 2019இல் யூனிகோட் 12 நம் பழைய பின்னக் குறிகளைச் சேர்த்தது. அதே ஆண்டின் 3.8இல், முந்திரிக் குறியின் மதிப்பைக் கேட்டபோது 0.003125, அதாவது 320இல் ஒரு பங்கு, என்று வந்தது. பழைய கணக்கேடுகளைப் படிக்க இதை நான் பயன்படுத்தியபோது அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது.

குறைகளும் உண்டு. மாற்றத்தை எழுதி அனுப்புபவர்கள் மிகுதி. அதைச் சரிபார்த்து ஏற்கும் உரிமை உள்ளவர்கள் குறைவு. ஆகவே நல்ல திருத்தங்கள்கூட நெடுங்காலம் காத்துக் கிடக்கின்றன. 2021 முதல் பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை நன்கொடையைக் கொண்டு முழுநேர நிரலாளர்களை அமர்த்தியிருப்பது இதற்கு ஓரளவு தீர்வு. ஆண்டுக்கொரு பதிப்பு என்பது வெளி நிரலகங்களை எழுதுபவர்களுக்குச் சுமைதான்: 3.12இல், நிரலகங்களை நிறுவ உதவிய டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற தொகுதி நீக்கப்பட்டபோது, நான் நம்பியிருந்த ஒரு சிறு நிரலகம் நிறுவ முடியாமல் போய், அதன் ஆசிரியர் திருத்தும்வரை 3.11இலேயே தங்க வேண்டியிருந்தது. ஒரே நிரலின் பல இழைகள் (இணையாக ஓடும் பணிகள்) ஒரே நேரத்தில் ஓடத் தடையாயிருந்த ஜில் பூட்டை அகற்றும் பணியோ, தனிக் கட்டமைப்பாக, 3.13இல் சோதனை நிலையிலும் 3.14இல் அதிகாரபூர்வ ஆதரவோடும், படிப்படியாக நகர்கிறது. என் வேலைக்கு அது உடனடியாகத் தேவைப்படவில்லை.

புதிய பதிப்பு வந்தவுடன் தாவாமல், நீங்கள் நம்பியிருக்கும் நிரலகங்கள் தயாராகும்வரை சில மாதங்கள் பொறுங்கள். சோதனைகளை எச்சரிக்கைகள் தெரியும்படி ஓட்டுங்கள். அவை இயல்பாகப் பெரும்பாலும் மறைந்தே இருக்கும், அடுத்த பதிப்புகளில் எது உடையும் என்பதோ அவற்றில்தான் இருக்கிறது. விண்டோஸில் தமிழ்க் கோப்புகளைக் கையாள்பவர்கள், 3.15க்கு மாறும்வரை, கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு வரியிலும் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். மாறிய பின்னும் அந்த வரிகள் அப்படியே ஓடும்.