சைனஸ் லிஃப்ட்: எக்ஸ்ரேயில் தெரியும் வெள்ளையெல்லாம் எலும்பு அல்ல

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஒரு தனியார் பல் கிளினிக்கில், மேல்தாடை எலும்பின் உயரத்தைக் கூட்டும் சைனஸ் லிஃப்ட் அறுவை செய்துகொண்டு, அதில் வைத்த இரண்டு இம்பிளாண்ட்டுகளையும் (செயற்கைப் பல்லைத் தாங்கும் திருகுகள்) இழந்திருக்கிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் கிளினிக்கின் பெயரை எழுதவில்லை. ஆனால் அங்கே என்னிடம் சொன்ன சொல்லை வேறு இடங்களிலும் சொல்லக்கூடும் என்பதால் எழுதுகிறேன்: “எலும்பு நல்லா வளர்ந்திருக்கு அண்ணே, எக்ஸ்ரேல வெள்ளையாத் தெரியுது பாருங்க.”

மேல் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கி ஆண்டுகள் பல ஆனால், மேல்தாடைக்கு மேலே மூக்கை ஒட்டியுள்ள காற்றறையான சைனஸின் தரை கீழே இறங்க, தாடை எலும்பும் கரைந்து மெலிந்துவிடும். எனக்கு மிஞ்சியிருந்தது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். இவ்வளவு குறைவாக இருந்தால், எலும்பின் பக்கவாட்டில் சிறு திறப்பு வைத்து, சைனஸின் மெல்லிய சவ்வைக் கிழியாமல் மேலே தூக்கி, அடியில் எலும்புத் துகள்களை நிரப்பி, அது இறுகிய பிறகே இம்பிளாண்ட் வைப்பது பொதுவான முறை. மாட்டெலும்புத் துகள் என்றால் ஆறு முதல் ஒன்பது மாதம் வரை காத்திருப்பார்கள். எனக்கு நான்காம் மாதத்திலேயே திருகிவிட்டார்கள். அவர்கள் விற்ற ‘பேக்கேஜ்’ அந்தக் கெடுவைச் சொல்லித்தான் விற்கப்பட்டது, பணமும் முழுவதுமாக முன்கூட்டியே வாங்கப்பட்டது.

இரண்டாம் கருத்துக் கேட்கப் போன இடத்தில் வாயறுவை நிபுணர் விளக்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. நிரப்பப்படும் துகளே தாதுப்பொருள். அது அறுவை நடந்த அன்றே எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். அந்தத் துகள், கட்டடம் எழுப்பக் கட்டும் சாரம் போன்றது மட்டுமே. சைனஸின் தரையிலிருந்தும் சுவர்களிலிருந்தும் இரத்தக் குழாய்கள் அதற்குள் நுழைந்து, அவற்றைத் தொடர்ந்து எலும்புச் செல்கள் வந்து படிந்தால்தான் அது நம் எலும்பாகும். ஓரத்தில் தொடங்கும் இந்த வளர்ச்சி நடுப்பகுதிக்குக் கடைசியாகத்தான் வந்து சேரும். முழுத் தாடையையும் தட்டையாகக் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே படத்தை நீட்டி “வளர்ந்துவிட்டது” என்று சொல்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை. முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேனை அறுவைக்கு முன்னும், முடிந்த உடனும், இம்பிளாண்ட்டுக்கு முன்னும் எடுத்து ஒப்பிட்டால் உயரமும் கன அளவும் தெரியும்; எலும்பின் உறுதியோ துளையிடும்போது கைக்குக் கிடைக்கும் எதிர்ப்பிலும், திருகும்போது பதிவாகும் விசையிலும்தான் தெரியும். என் கோப்பில் இவை எதுவுமே குறிக்கப்படவில்லை.

கோப்பில் இல்லாத இன்னொன்று, சவ்வு கிழிந்த செய்தி. இந்த அறுவையில் அதிகம் நேரும் சிக்கல் அதுதான். சிறு கிழிசலானால் அப்போதே மூடிவிட்டுத் தொடரலாம், ஆகவே கிழிந்ததற்காக யாரையும் நான் குறை சொல்லவில்லை. சொல்லாமல் மறைத்ததுதான் குற்றம். வீட்டுக்கு வந்தபின் ஒருபக்க மூக்கிலிருந்து துர்நாற்றத்துடன் சளி வடிந்தபோது, கிளினிக்கில் “சாதாரண சளிக்காய்ச்சல்” என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், மருத்துவர் அனுமதிக்கும்வரை விமானப் பயணம் கூடாது என்ற எச்சரிக்கைகளும் இல்லை. அந்த வாரமே சென்னைக்குப் போகவிருந்த என்னை நிறுத்தியது பட்டர்வொர்த்தில் தாதியாக இருக்கும் என் தங்கை.

சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாவிட்டால் எலும்பு பிடிப்பது தாமதமாகும், தொற்றும் எளிதில் வரும். நம் சமூகத்தில் இந்த நோய் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. கிளினிக்கிலோ படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பச் சொன்னதோடு சரி. மூன்று மாதச் சர்க்கரை அளவைக் கேட்கவே இல்லை. துகள் மாட்டெலும்பிலிருந்து வந்தது என்பதும் பின்னர் ரசீதில் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்துத்தான் தெரிந்தது. துகளின் மேலே போர்த்தும் கொலாஜன் என்ற புரதச் சவ்வுகளில் பன்றியிலிருந்து எடுக்கப்படுபவையும் உண்டு. இந்துவானாலும் முஸ்லிமானாலும் நோயாளிக்கு இதை முன்கூட்டியே சொல்ல வேண்டாமா? செயற்கைத் துகளும் இருக்கும்போது, தேர்ந்தெடுக்கும் வாய்ப்பையாவது தந்திருக்கலாம்.

புகார் செய்ய நினைப்பவர்கள் முதலில் சிகிச்சை அறிக்கையையும் ஸ்கேன் கோப்புகளையும் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். மருத்துவச் சேவைகள் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்கு வெளியே இருப்பதால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நம்பி அலைய வேண்டாம். மருத்துவரின் நடத்தை பற்றி மலேசியப் பல் மருத்துவ மன்றத்திடமும், கிளினிக் பற்றிச் சுகாதார அமைச்சின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவிடமும் எழுதலாம். நான் இரண்டுக்கும் எழுதியிருக்கிறேன்.

கடிதம் போன பிறகு கிளினிக்கிலிருந்து அழைப்பு வந்தது. மீண்டும் இலவசமாகச் செய்து தருவார்களாம். இனி எங்கும் புகார் சொல்ல மாட்டேன் என்று ஒரு தாளில் கையொப்பமிட வேண்டுமாம். நான் கையொப்பமிடவில்லை. தொற்று முழுவதும் ஆறிய பிறகு, வேறு நிபுணரிடம் புதிய ஸ்கேன் எடுக்கவிருக்கிறேன்.