ஆயர் அங்கி தைக்க: பழைய வண்ணாரப்பேட்டை பாய் கடை

மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேடு பக்கம் ஒரு சிஎஸ்ஐ சபைக்கு எனக்கு மாற்றல் வந்திருக்கிறது. பொறுப்பேற்பு ஆராதனைக்குப் புது வெள்ளை அங்கி வேண்டும் என்று எம்.சி. ரோட்டுக்குப் பின்னால், சந்துக்குள் இருக்கும் ஒரு பாய் கடையில் தைக்கக் கொடுத்தேன். போர்டு எதுவும் கிடையாது, ஜாக்கெட் துணிக் கடைகளில் "சர்ச் அங்கி தைக்கிற பாய்" என்று கேட்டால் கைகாட்டுவார்கள்.

அளவு எடுக்கும் முன்பே "எந்த ஏரியா ஃபாதர்?" என்றார். காசிமேடு என்றதும், நான் கேட்டிருந்த ஜிப்பை வேண்டாம் என்று அடித்துவிட்டார். "உப்புக் காத்துல ஜிப்பு துரு புடிச்சு வெள்ளைத் துணியில கறை எறங்கும், பிளாஸ்டிக் பட்டன் போடுறேன்." டெரிகாட்டனும் வேண்டாம், வியர்வையை உறிஞ்சாது, காட்டன் வாங்கி வாங்க என்றார். அந்தத் துணியை நனைத்துக் காயவைத்த பிறகுதான் கத்தரி வைத்தார், இல்லையென்றால் முதல் சலவையிலேயே இரண்டு விரல் ஏறிவிடுமாம். அப்புறம் என்னை இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, அப்படியே நிற்கவைத்து டேப் பிடித்தார். ரெடிமேட் அங்கி போட்டு ஆசீர்வாதம் கூறியவர்களுக்கு இதன் அருமை தெரியும், கை உயர்ந்தால் மொத்த அங்கியும் மேலே ஏறிவிடும். இவர் அக்குளில் சாய்சதுரமாக ஒரு தனித்துண்டு வைத்துத் தைத்திருக்கிறார், இடுப்புக் கச்சை இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

தைத்துக்கொண்டே பேசுவார், அதில் எனக்குக் கிடைத்தது அதிகம். மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டுப் பக்கத்திலிருந்து யாரும் துணி தைக்க வரமாட்டார்கள் என்றார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் வருமானம் இல்லாத அந்த மாதங்களில் அறுப்பின் பண்டிகை ஏலம், கட்டட நிதி என்று சபையாரிடம் கைநீட்டக்கூடாது என்று அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. கமிட்டியோடு முதலில் பேசப்போவது இதைத்தான். முதல் மாதம் முழுக்க வீடு வீடாகப் போய் ஜெபிக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு.

குறை இல்லாமல் இல்லை. வியாழக்கிழமை என்றவர் சனிக்கிழமை இரவுதான் கொடுத்தார். ஸ்டோலில், அதாவது அங்கிமேல் கழுத்தில் போடும் நீளப் பட்டையில், சிலுவை எம்பிராய்டரியை வெளியே கொடுத்துச் செய்கிறார், அதன் ஓரத்தில் நூல் பிரிகிறது. திருச்சபை நாட்காட்டியில் பெந்தெகொஸ்தேக்குப் பிறகு வரும் திரித்துவ காலத்துக்கான பச்சை கேட்டால், வந்தது கிளிப்பச்சை. ஸ்டோலுக்கு நாமே துணி வாங்கிக் கொடுப்பது நல்லது. பில்லும் தரமாட்டார், சபைக் கணக்கில் எழுதுபவர்கள் துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கிக்குத் தையல் கூலி 1,200 ரூபாய். வேலைக்கு இது குறைவுதான், பேரம் பேசாதீர்கள் ஆயர்மாரே. ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் முந்தைய வாரங்களில் போகாதீர்கள், தலை நிமிரக்கூட அவருக்கு நேரமிருக்காது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து காலத்துக்கு ஊதா ஸ்டோல் தைக்க நான் அக்டோபரிலேயே துணியோடு போய்விடுவேன்.