டயரா, பேரிங்கா, மவுன்டிங்கா?

எங்கள் வீட்டுக் கார் 2008 மாடல். பெட்ரோல், முன்சக்கரத்தில் இழுக்கும் வண்டி. போன மாதம் ஓமலூரிலிருந்து சேலம் திரும்பும்போது எங்கிருந்தோ 'ஊஊம்' என்று ஓர் உறுமல். கமலாபுரம் விமான நிலையம் பக்கத்தில்தானே இருக்கிறது, ஏதோ விமானம் இறங்குகிறது என்று நினைத்தேன். விமானம் கடைசி வரை கண்ணில் படவில்லை, உறுமல் மட்டும் வீடு வரை கூடவே வந்தது. 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆரம்பித்து, 80-ஐத் தொட்டால் பின்சீட்டில் பேசுவது காதில் விழாத அளவுக்கு ஏறும். அந்த வேகத்தில் ஸ்டியரிங்கும் லேசாக நடுங்கும்.

மூன்று இடத்தில் காட்டினேன், மூன்று தீர்ப்பு கிடைத்தது. டயர் கடையில், "தேஞ்சு போச்சுங்க சார், நாலையும் மாத்திருங்க" என்றார்கள். பழக்கமான மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "லெஃப்ட் சைடு வீல் பேரிங்ணா, சந்தேகமே இல்ல" என்றார் (சக்கரம் உரசாமல் சுழலத் தாங்கும் வளையம்தான் பேரிங்). பெரிய பட்டறை ஒன்றில் என்ஜின் மவுன்டிங் (என்ஜினைத் தாங்கும் ரப்பர்), இரண்டு பக்க ஆக்சில் (என்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) என்று எஸ்டிமேட்டையே நீட்டிவிட்டார்கள். டயர் என்றால் பதினைந்தாயிரம் தாண்டும். பேரிங் என்றால் கூலியோடு சில ஆயிரத்தில் முடியும். பட்டறைக் கணக்கு இரண்டையும் சேர்த்தாலும் அதற்கு மேல்.

காசை எண்ணி வைப்பதற்கு முன் இந்த மூன்றையும் நானே மோதவிட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் தெரிய வேண்டியது, சத்தம் சக்கரத்தோடு போகிறதா, என்ஜினோடு போகிறதா என்பது. 165/80 அளவு 14 அங்குல டயர் ஒரு முறை உருண்டால் ஏறத்தாழ 1.9 மீட்டர் நகரும். ஆக 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குப் பதினோரு சுற்றுக்குக் கொஞ்சம் மேல் சுற்றுகிறது. என்ஜின் 3,000 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 50 சுற்று. இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி கியர்தான். சமதளச் சாலையில், பின்னால் வண்டி வராத நேரமாகப் பார்த்து, 70-இல் ஐந்தாவது கியரில் ஓட்டினேன். அப்புறம் வேகத்தை மாற்றாமல் நான்காவதுக்கு இறக்கினேன். என்ஜின் சுருதி ஏறியது. உறுமல் அசையவில்லை. நின்ற இடத்தில் என்ஜினை முறுக்கிப் பார்த்தேன், அப்போதும் உறுமல் இல்லை. இதோடு மவுன்டிங் இந்த வழக்கிலிருந்து விடுதலை. அதாவது உறுமல் வழக்கிலிருந்து. அதன் மேல் வேறொரு வழக்கு இருந்தது, பிறகு வருகிறேன்.

மீதி டயரும் பேரிங்கும். இந்த இரண்டில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். கைதேர்ந்த மெக்கானிக்குகளும் சேர்த்தி. இரண்டும் ஒரே மாதிரி உறுமும், இரண்டும் வேகத்தோடு ஏறும்.

டயர் சத்தம் சாலைக்குத் தகுந்தபடி மாறும். ஜல்லி தெரியும் பழைய தாரில் கரகரப்பாகக் கேட்பது, புதிதாகத் தார் போட்ட வழவழப்பான துண்டு வந்ததும் சட்டென்று அடங்கும். பேரிங்குக்குச் சாலை எப்படி இருந்தாலும் ஒன்றுதான். எங்கள் உறுமல் சாலை மாறியபோது கொஞ்சம் மாறியது போலத்தான் இருந்தது. 'போலத்தான்' என்பதை வைத்துக்கொண்டு யாரும் பதினைந்தாயிரம் செலவழிக்க முடியாது இல்லையா?

டயரைத் தடவியும் பார்க்கலாம். உள்ளங்கையை டயர் பட்டையின் மேல் வைத்து முன்னும் பின்னும் தேய்த்தால், சீராகத் தேய்ந்த டயர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுக்கும். ஏறுக்குமாறாகத் தேய்ந்ததில் ஒரு திசையில் வழுக்கும், எதிர்த் திசையில் ரம்பப் பல் போல விரலைப் பிடிக்கும். என் முன்டயர் இரண்டிலும் லேசாகப் பிடித்தது. டயர் கடைக்காரர் சும்மா சொல்லவில்லை.

ஆனால் தீர்ப்பைச் சொன்னது டயரை இடம் மாற்றியதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜாக்கி போட்டு, எதிர்ச் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஸ்டெப்னியை நடுவில் ஆள் மாற்றாக வைத்துக்கொண்டு, முன்டயர்களைப் பின்னாலும் பின்டயர்களை முன்னாலும் போட்டேன். வியர்வையைத் தவிர வேறு செலவில்லை. மறுபடி பைபாஸில் ஓட்டினால், உறுமல் முன்னாலேயே இருந்தது. நடுக்கமோ ஸ்டியரிங்கை விட்டுவிட்டுச் சீட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது!

சத்தமும் அதிர்வும் ஒரே நாளில் கண்ணில் பட்டதால் ஒரே நோய் என்று நினைத்திருந்தேன். டயரோடு சேர்ந்து இடம் மாறியது நடுக்கம் மட்டும். அது சக்கரத்தின் பேலன்சிங், அதாவது சக்கரத்தைச் சுற்றி எடை சீராக இல்லாத கோளாறு. 80-90-இல் வந்து, அதற்குக் கீழே காணாமல் போகும் நடுக்கத்துக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். முன்சக்கரம் என்றால் கையில் தெரியும், பின்சக்கரம் என்றால் சீட்டில் தெரியும். கழற்றிய ரிம் ஒன்றில், எடையைச் சமன் செய்யும் ஈயக்கட்டி ஒட்டியிருந்த தடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. கட்டியைக் காணோம்.

அடுத்து, பேரிங் எந்தப் பக்கம்? வண்டியை இடப்பக்கம் திருப்பினால் எடை வலப்பக்கச் சக்கரத்தின் மேல் சாயும். அப்போது உறுமல் கூடினால் வலப்பக்க பேரிங் மேல் சந்தேகம். இதைச் சோதிக்கத்தான் ஏற்காடு போகலாம் என்று கிளம்பினேன், இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே என்று. போன பிறகுதான் புத்தி வந்தது. கொண்டை ஊசியில் வண்டி 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறது, அந்த வேகத்தில் பேரிங் வாயே திறக்காது. வளைவுகளுக்கு நடுவில் 40-இல் வரும் நீண்ட, லேசான திருப்பங்களில்தான் விஷயம் தெரிந்தது. இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் 'ஊஊம்' தடித்தது. வலப்பக்கம் திரும்பினால் மெலிந்தது. மெக்கானிக் இடது என்றார், வண்டி வலது என்றது. கார் உடம்பு முழுக்கத் தகரம், சத்தம் எங்கிருந்து எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

கொண்டை ஊசிகளும் வீண் போகவில்லை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, தாழ்ந்த கியரில் ஏற்றத்தில் இழுக்கும்போது 'கடகட' என்று கேட்டால், ஆக்சிலின் வெளிப்பக்க சி.வி. ஜாயின்ட் (சக்கரம் திரும்பினாலும் ஆக்சிலைச் சுழலவிடும் மூட்டு) போய்விட்டது என்று அர்த்தம். ஜன்னலை இறக்கி, பாறைச் சுவர் எதிரொலிக்கும் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டே ஏறினேன். ஒரு 'கட' கூட இல்லை. அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழியவில்லை, ரிம்மின் உட்பக்கம் கிரீஸ் தெறிக்கவில்லை. இழுக்கும்போது குலுங்கி, ஆக்சிலரேட்டரை விட்டதும் நிற்கும் நடுக்கம் இருந்தால் உள்பக்க ஜாயின்ட்டைச் சந்தேகிக்கலாம், அதுவும் இல்லை. எஸ்டிமேட்டில் இருந்த ஆக்சில் இரண்டையும் ஏரிக்கரையில் டீ குடிக்கும்போதே மனதில் அடித்துவிட்டேன். இறங்கும்போது பிரேக் சோதனை. நீண்ட இறக்கம், டிஸ்க் கோணியிருந்தால் சூடேறியதும் பெடல் காலை உதைக்கும். உதைக்கவில்லை. (நியூட்ரலில் போட்டு இறங்கி எதையும் சோதிக்காதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.)

வீட்டுக்கு வந்து கடைசியாக ஒன்று. முன்சக்கரத்தை ஒவ்வொன்றாகத் தூக்கி, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மறு கையின் விரல்களைச் சுருள் ஸ்பிரிங்கின் மேல் வைத்தேன். இடப்பக்கம் ஒன்றுமே இல்லை. வலப்பக்கம் ஓடும் திருகைக்கல்லின் மேல் கை வைத்தது போல 'நறநற'வென்று விரலுக்கு வந்தது. காதைவிட விரல் நம்பகமானது என்று எனக்குத் தோன்றுகிறது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு அவர் விரலையும் வைக்கச் சொன்னேன். "அட, ரைட்டுதாங்ணா" என்று சிரித்தார். பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்ற வேண்டாம், லேத் பட்டறையில் பிரஸ் வைத்து ஏற்றலாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அடி வாங்கி உட்கார்ந்த புது பேரிங் சீக்கிரமே பழைய பாட்டைப் பாடும்.

மவுன்டிங் வழக்கு இதுதான்: சிக்னலில் நின்று ஏ.சி. ஓடும்போது கண்ணாடி நடுங்கும், கிளட்ச் விடும்போது 'தொம்' என்று ஓர் அடி. இரண்டு வருடமாக இருக்கிறது, பழகிவிட்டது. பானெட்டைத் திறந்து வைத்து, மனைவி கிளட்சை விட்டுப் பிடிக்க, நான் தள்ளி நின்று பார்த்தேன். என்ஜின் ஒரு பக்கமாகத் துள்ளி எழுந்தது. ரப்பர் வெடித்திருந்தது. ஆக, பட்டறை சொன்ன மவுன்டிங் சரி, ஆனால் நான் கேட்டுப் போன சத்தத்துக்கு அது மருந்து இல்லை. அதை மட்டும் செய்துவிட்டு வந்திருந்தால் உறுமல் அப்படியே இருந்திருக்கும்.

வலது பேரிங், பேலன்சிங், ஒரு மவுன்டிங். டயர் நாலும் பழையதுதான். பக்கவாட்டில் இருக்கும் தேதி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். பின்டயர் இரண்டிலும் 17 என்று முடிகிறது, அந்த இரண்டை மட்டும் தீபாவளிக்கு மாற்ற வேண்டும்.

இப்போது 80-இல் பின்சீட்டுப் பேச்சு தெளிவாகக் கேட்கிறது. டேஷ்போர்டுக்குள் எங்கோ 'கிரிச் கிரிச்' என்று ஒன்றும் கேட்கிறது. இத்தனை நாளாக அதை உறுமல் மூடி வைத்திருக்கிறது.