லெகோவா, பசார் மாலாம் கட்டையா?

தீபாவளி நெருங்கினால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பல வீடுகளில் இந்தப் பேச்சுதான். ஈப்போவுக்குப் போய் பிள்ளைகள் அடுக்கி விளையாடும் லெகோ பிளாஸ்டிக் கட்டை வாங்குவதா, பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் அதே மாதிரி ஒன்றைப் பார்ப்பதா?

விலை: லெகோ பெட்டி ஒன்றின் காசுக்கு மற்றதில் இரண்டு மூன்று கிடைக்கும். தோட்டச் சம்பளத்தில் இது சின்ன விஷயமில்லை.

பொருத்தம்: இங்கேதான் வித்தியாசமே. லெகோ 1958-இல் காப்புரிமைக்குக் கொடுத்த கட்டையோடு இன்றைய கட்டையும் சேரும். அந்தக் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. யாரும் அதே அளவில் செய்யலாம், ஆனால் எல்லாரும் அதே துல்லியத்தில் செய்வதில்லை. போன வருடம் மகனுக்கு வாங்கிய தீயணைப்பு வண்டியில் ஒரு கட்டையைப் பல்லால் கடித்துத்தான் கழற்றினோம். இன்னொன்று ஊதினாலே விழுந்தது. சரி, புதிய சீனத் தயாரிப்புகளில் சில நன்றாகவே பிடிக்கின்றன. பெயரே இல்லாத பெட்டிதான் வம்பு.

பொம்மை மனிதர்கள்: லெகோவுடையது 1978-இல் வந்த வடிவம், கைகால் உறுதியாகத் திரும்பும். நாங்கள் வாங்கியதில் ஒரு கண் நெற்றிக்கு ஏறியிருந்தது. மகளுக்கு அவன்தான் செல்லம்!

துண்டு குறைந்தால்: லெகோவிடம் கேட்டு வாங்கலாம். சந்தைக்காரரை எங்கே தேடுவது?

கட்டி இடித்து விளையாடும் பிள்ளைக்குச் சந்தைக் கட்டை போதும், பெட்டியில் பொம்மைப் பாதுகாப்புக்கான எம்சி (MC) முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அண்ணன் ஆடி முடித்துத் தம்பிக்கும் போக வேண்டுமென்றால் லெகோ. மூன்று வயதுக்குக் கீழே என்றால் இரண்டுமே வேண்டாம், லெகோவே சின்னப் பிள்ளைகளுக்குச் செய்யும் பெரிய கட்டையான டூப்ளோ எடுங்கள்.